13–1லிருந்து 2–10க்கு: ஃப்ளோரிடா ஸ்டேட்டின் முதல் நான்கு ஆட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

ஒரு டீம் சீசனைச் சொதப்பலாக ஆரம்பித்துவிட்டால் எல்லோரும் உடனே தேடுவது, போன வருஷம் இதே நேரத்தில் எப்படி இருந்தது என்பதைத்தான். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம். அங்கே வழக்கமான சீசன் என்பதே மொத்தம் 12 ஆட்டம்தான், வாரத்துக்கு ஒன்று. மூன்று ஆட்டம் முடிந்தால் கால்வாசி சீசன் போயிற்று. அதனால் செப்டம்பர் நடுவிலேயே கோச்சை வீட்டுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று பேச்சு வந்துவிடும்.

இந்த மாதிரி ஒப்பீட்டுக்கு ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் 2024 சீசனைவிடச் சரியான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஃப்ளோரிடா மாநிலத் தலைநகரான டலஹாசியில் இருக்கிற கல்லூரி. 1993, 1999, 2013 என்று மூன்று தடவை தேசிய சாம்பியன். 2023ல் 13 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அடுத்த வருஷம் அதே கோச் மைக் நார்வெல், அதே மைதானம், சீசன் தொடங்கும் முன் ஏபி செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் 10ஆவது இடம், அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸை (இனி ஏசிசி) ஜெயிக்கப்போவது இவர்கள்தான் என்று பத்திரிகையாளர்கள் போட்ட ஓட்டு. முடிந்தது 2 வெற்றி, 10 தோல்வியில்.

இந்தச் சரிவை "திடீர்" என்று சொல்வதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷத்தின் தொடக்கத்தையும் வெற்றி தோல்வியை மட்டும் பார்க்காமல் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், 2024ல் உடைந்த இடங்கள் எல்லாம் 2023ன் முதல் நான்கு ஆட்டங்களிலேயே விரிசல் விட்டிருந்தது தெரியும். அப்போது ஜெயித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஸ்கோர்கள். 2023ல் முதல் ஆட்டம் லூயிசியானா ஸ்டேட்டோடு (எல்எஸ்யு), ஆர்லாண்டோவில், 45–24 வெற்றி. இரண்டாவது சதர்ன் மிஸிஸிப்பியோடு, 66–13. மூன்றாவது பாஸ்டன் காலேஜோடு அவர்கள் ஊரில், 31–29. நான்காவது கிளெம்சனோடு, அதுவும் அவர்கள் ஊரில், கூடுதல் நேரம் வரை போய் 31–24. ஆக 4–0.

2024ல் முதல் ஆட்டமே டப்ளினில், ஆகஸ்ட் 24ஆம் தேதி. ஆமாம், அயர்லாந்துதான், சில வருஷமாக அங்கே போய்ச் சீசனைத் தொடங்குவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஜார்ஜியா டெக் கடைசி வினாடியில் 44 யார்டு தூரத்திலிருந்து ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி) உதைத்து 24–21 என்று ஜெயித்தது. அடுத்து சொந்த ஊரில் பாஸ்டன் காலேஜிடம் 13–28, அப்புறம் அதே சொந்த ஊரில் மெம்ஃபிஸிடம் 12–20. நான்காவது ஆட்டத்தில்தான் கலிஃபோர்னியாவை 14–9 என்று ஒருவழியாகத் தாண்டினார்கள். ஆக 1–3.

இந்த எட்டு ஸ்கோர்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் வருகிறது. 2023ன் முதல் நான்கில் அவர்கள் எடுத்தது 173 புள்ளி, 2024ல் 60. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் விட்டுக்கொடுத்தது? 2023ல் 90, 2024ல் 81. அதாவது தோற்ற வருஷத்தில் எதிரணி எடுத்த புள்ளி ஜெயித்த வருஷத்தைவிடக் குறைவு. ஸ்கோர்போர்டை மட்டும் பார்த்தால் டிஃபென்ஸ், அதாவது தடுத்து ஆடும் பக்கம், தேறியிருக்கிறது என்றே சொல்லவேண்டும்! அப்போது பல பேர் அப்படித்தான் சொன்னார்கள் கூட: "பந்தைக் கையில் வைத்து ஆடும் பக்கத்தைச் சரிசெய்தால் போதும், மற்றதெல்லாம் இருக்கிறது." அதற்கப்புறம் எதிரணிகள் எடுத்த புள்ளியைப் பார்த்தால் சதர்ன் மெத்தடிஸ்ட் (எஸ்எம்யு) 42, மயாமி 36, நார்த் கரோலினா 35, நோட்ர டாம் 52. மற்றதெல்லாம் அப்படியொன்றும் இருக்கவில்லை.

அதே மாதிரி 173 என்ற எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. அதில் 66, அந்த வருஷம் 3–9 என்று முடித்த சதர்ன் மிஸிஸிப்பிமேல் எடுத்தது. அதைக் கழித்துவிட்டால் மூன்று ஆட்டத்தில் 107, சராசரி கிட்டத்தட்ட 36. கிளெம்சன் ஆட்டத்தில் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது, 6 புள்ளி) டிஃபென்ஸ் போட்டது, இன்னொன்று கூடுதல் நேரத்தில் வந்தது. இதையெல்லாம் தள்ளிப் பார்த்தாலும் 2024ன் 15 சராசரி எங்கே, இது எங்கே என்றுதான் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 4–0 என்ற பளபளப்பு சொன்ன அளவுக்கு அந்த டீம் எதிரணிகளை நசுக்கிக்கொண்டிருக்கவில்லை.

அந்த 2023 பாஸ்டன் காலேஜ் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 31–10 என்று முன்னிலை, ஆட்டம் முடிந்த மாதிரி. அங்கிருந்து பாஸ்டன் காலேஜ் 31–29 வரை துரத்திக்கொண்டு வந்துவிட்டது. அவர்களுடைய குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) தாமஸ் கஸ்டெயானோஸ், உயரம் குறைவு, ஆனால் பிடிபடமாட்டார். ஃப்ளோரிடா ஸ்டேட் டிஃபென்ஸ் அவரைத் தேடிக்கொண்டே ஓடியது. கடைசியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டைக் காப்பாற்றியது அவர்களுடைய ஆட்டத்தைவிட எதிரணியின் ஒழுங்கீனம். பாஸ்டன் காலேஜ் அன்று வாங்கிய பெனால்டி மட்டும் 18. ஒரு ஆட்டத்துக்கு ஏழெட்டு வந்தாலே கோச் தலையில் கைவைத்துக்கொள்வார். கடைசி நிமிடங்களில் ஒரு ஃபேஸ்மாஸ்க் பெனால்டி (எதிராளியின் ஹெல்மெட் கம்பியைப் பிடித்ததற்கு) விழுந்து, பந்து ஃப்ளோரிடா ஸ்டேட்டிடமே தங்கிவிட்டது.

அடுத்த வாரம் கிளெம்சன். ஏழு ஆட்டங்களாகத் தொடர்ந்து இவர்களைத் தோற்கடித்த எதிரி, அதுவும் அவர்கள் மைதானத்தில். நான்காவது கால்பகுதியில் 17–24 என்று பின்தங்கியிருக்கிறார்கள், பந்து கிளெம்சனிடம். லைன்பேக்கர் கேலன் டெலோச் குவாட்டர்பேக்கிடமிருந்து பந்தைத் தட்டிவிட்டு, தானே எடுத்து, 56 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். சமநிலை. அப்புறமும் கிளெம்சனுக்கு ஜெயிக்க வாய்ப்பு வந்தது: இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது 29 யார்டு ஃபீல்டு கோல். கல்லூரி அளவில் அது எளிய உதைதான், ஆனால் வெளியே போய்விட்டது. கூடுதல் நேரத்தில் ரிசீவர் கியோன் கோல்மன் 24 யார்டு பாஸைப் பிடித்து ஆட்டத்தை முடித்தார்.

அந்த உதை உள்ளே போயிருந்தால், அந்த ஃபேஸ்மாஸ்க் பெனால்டி விழாமல் இருந்திருந்தால், 2023ன் தொடக்கம் 2–2 ஆகியிருக்கலாம். இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடவும் நான் சொல்லவில்லை, நெருக்கமான ஆட்டத்தை ஜெயிக்கவும் ஆள் வேண்டும். 2023 முழுவதிலும் ஒரே ஸ்கோர் வித்தியாசத்தில், அதாவது 8 புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்கள் மூன்று, மூன்றிலும் வெற்றி. 2024ல் அப்படி நான்கு, அதில் வென்றது ஒன்று. இந்த மாதிரி ஆட்டங்கள் எந்த டீமுக்கும் வருஷா வருஷம் ஒரே பக்கமாக விழாது என்பது இந்த விளையாட்டைக் கொஞ்ச நாள் பார்த்தவர்களுக்கே தெரியும்.

சரி, இப்போது 2024ன் பாஸ்டன் காலேஜ் ஆட்டம். இந்த ஒப்பீட்டுக்கு அதைவிட உதவியான ஆட்டம் கிடையாது, ஏனென்றால் இரண்டு வருஷத்தின் தொடக்கத்திலும் வந்த ஒரே எதிரணி அதுதான், அதே குவாட்டர்பேக்கோடு. செப்டம்பர் 2, திங்கட்கிழமை இரவு, தேசமே பார்க்கும் ஒளிபரப்பு. இந்தத் தடவை பாஸ்டன் காலேஜ் பெனால்டி வாங்கித் தன்னையே கெடுத்துக்கொள்ளவில்லை. பில் ஓ'ப்ரையன் என்ற புது கோச் வந்திருந்தார். அவர்கள் செய்தது ஒன்றும் நுணுக்கமான வேலையும் இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேராக ஓடினார்கள், திரும்ப ஓடினார்கள், திரும்பவும் ஓடினார்கள். ஓடியே எடுத்தது 263 யார்டு. ஃப்ளோரிடா ஸ்டேட் ஓடி எடுத்தது 21 யார்டு. ஆட்டம் முழுவதும் சேர்த்து இருபத்தொன்று.

இந்த ஒரு ஜோடி எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது என்பது என் எண்ணம். ஓடும் யார்டு என்பது ஓடுகிறவரைவிட முன்வரிசையில் முட்டிக்கொண்டு நிற்கிற கனமான ஆட்களைப் பற்றியது. உங்கள் முன்வரிசை தள்ள முடியவில்லை, எதிரி தள்ளுவதைத் தாங்கவும் முடியவில்லை என்றால் உங்களால் ஓட முடியாது. ஓட முடியாது என்பது எதிரிக்குத் தெரிந்துவிட்டால் அவன் எறிவதற்காகவே காத்துக்கொண்டு நிற்பான். ஃப்ளோரிடா ஸ்டேட்டின் புது குவாட்டர்பேக் டிஜே உயங்கலலே அன்று 42 தடவை பந்தை எறிந்தார், சரியாகப் பாதிதான் போய்ச் சேர்ந்தது. எதிரணி மெதுவாக ஓடியோடி நேரத்தைத் தின்றுவிடுவதால் மொத்தமாகவே பந்து கைமாறுவது குறையும், புள்ளியும் குறையும். மேலே சொன்ன அந்த 81 என்ற எண்ணின் ரகசியத்தில் ஒரு பங்கு இது. டிஃபென்ஸ் நன்றாக ஆடியதால் மட்டும் அது குறையவில்லை. எதிரணிக்கு அவசரப்பட வேண்டிய தேவையே இல்லாமல் போனதாலும்தான்.

இந்த முன்வரிசையில் ஆடிய பலர் 2023லும் இருந்தவர்கள்தான். அப்படியென்றால் அப்போது எப்படிச் சமாளித்தார்கள்? அதற்குப் பெயர் ஜோர்டன் டிராவிஸ். 2023ன் குவாட்டர்பேக். அந்த வருஷம் அவர் 2,756 யார்டு எறிந்து, 20 டச்டவுன் பாஸ் கொடுத்து, எதிரணி கையில் கொடுத்தது இரண்டே இரண்டு. அந்த எண்களைவிட முக்கியம், முன்வரிசை உடைந்து ஆள் உள்ளே வந்துவிட்டாலும் நழுவி, பக்கவாட்டில் ஓடி, அந்த ஓட்டத்திலேயே பந்தை எறிவார். கெட்டுப்போன ஆட்டத்தை எல்லாம் அவர் ஒப்பேற்றிவிடுவதால், முன்வரிசையின் ஓட்டை எண்களில் வரவே வராது. உயங்கலலே வேறு ரகம்: ஆறடிக்கு மேல் ஆள், பலமான கை, நின்ற இடத்தில் நின்று எறிகிறவர். முன்னால் நாலு பேர் நன்றாகத் தாங்கினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தாங்கவில்லை. ஐந்து ஆட்டத்தில் 4 டச்டவுன் பாஸ், 6 இண்டர்செப்ஷன் (எதிரணி கையில் போன பாஸ்). எஸ்எம்யு ஆட்டத்தில் எறியும் கையில் அடிபட்டு அதோடு அவருடைய சீசன் முடிந்தது. எல்லாப் பழியும் அவர் தலையில்தான் விழுந்தது, அது நியாயமில்லை என்றே எனக்குப் படுகிறது. டிராவிஸுக்காகப் பின்னப்பட்ட ஆட்டத்துக்குள் அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தது அவர் முடிவு இல்லை.

இனி ஆட்கள் விஷயத்துக்கு வருவோம். 2024 ஏப்ரலில் நடந்த என்எஃப்எல் டிராஃப்டில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிலிருந்து 10 பேரைத் தொழில்முறை டீம்கள் எடுத்தன. ஜாரெட் வெர்ஸ் முதல் சுற்றில் 19ஆவது, கோல்மன் 33ஆவது, ப்ரேடன் ஃபிஸ்க் 39ஆவது, அப்புறம் ரெனார்டோ கிரீன், ட்ரே பென்சன், ஜேரியன் ஜோன்ஸ், டிராவிஸ், ஜானி வில்சன், டேட்டம் பெத்யூன், ஜாஹீம் பெல். பத்துப் பேரை இழந்த டீம் அடுத்த வருஷம் தள்ளாடும் என்பது சாதாரண விஷயம். அலபாமாவும் ஜார்ஜியாவும் இதே அளவுக்கு இழந்துவிட்டு அடுத்த வருஷமும் ஜெயித்திருக்கின்றன. வித்தியாசம் எங்கே என்றால், இந்தப் பத்துப் பேரும் முதலில் எங்கே சேர்ந்தார்கள் என்று பார்க்கவேண்டும். வெர்ஸ் ஆல்பனியிலிருந்து வந்தவர், கோல்மன் மிஷிகன் ஸ்டேட், ஃபிஸ்க் வெஸ்டர்ன் மிஷிகன், பென்சன் ஓரிகன், வில்சன் அரிசோனா ஸ்டேட், பெல் சவுத் கரோலினா, பெத்யூன் யுசிஎஃப், ஜோன்ஸ் மிஸிஸிப்பி ஸ்டேட், டிராவிஸே லூயிவில்லில் தொடங்கியவர். பள்ளி முடித்து நேராக ஃப்ளோரிடா ஸ்டேட்டில் சேர்ந்தவர் ரெனார்டோ கிரீன் ஒருவர்தான்.

பத்துக்கு ஒன்பது வெளியிலிருந்து வந்தவர்கள். வாடகைப் பாத்திரத்தில் சமைத்த கல்யாண விருந்து மாதிரி; விருந்து பிரமாதம், மறுநாள் காலையில் பாத்திரமெல்லாம் போய்விட்டது, சமையற்கட்டில் வீட்டுச் சாமான் ஒன்றும் இல்லை.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்குக் கொஞ்சம் பின்னணி. முன்பெல்லாம் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்காரவேண்டும். 2018ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது மாற விரும்பும் வீரர்கள் பெயரைப் பதியும் பட்டியல், வந்தது, 2021ல் ஒரு தடவை மாறினால் உட்காரத் தேவையில்லை என்று விதியைத் தளர்த்தினார்கள், அதே வருஷம் ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்றும் ஆகிவிட்டது. மூன்று நான்கு வருஷத்தில் கல்லூரி ஃபுட்பால் ஏறக்குறைய வருஷாவருஷம் ஆள் மாறும் சந்தையாகிவிட்டது. மைக் நார்வெல் இதை எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்ட கோச்சுகளில் ஒருவர். மெம்ஃபிஸ் கல்லூரியிலிருந்து 2019 டிசம்பரில் வந்தவர், முதல் வருஷம் 3–6, அடுத்து 5–7. கைவசம் இருந்த ஆட்கள் போதாது என்று தெரிந்ததும் போர்ட்டலில் இறங்கினார். கண்ணும் நன்றாக இருந்தது. ஆல்பனி மாதிரி சின்ன இடத்திலிருந்து ஒரு முதல் சுற்று வீரரைக் கண்டுபிடிப்பது சும்மா இல்லை. 2022ல் 10–3, 2023ல் 13–1.

பிரச்சினை, இந்த வழி வருஷாவருஷம் சரியாக விழவேண்டும். மூன்று வருஷம் வளர்த்த பையன் பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தால், புது வரவு சொதப்பினாலும் அவனை இறக்கலாம். ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு அந்தப் பெஞ்ச் மெலிவாக இருந்தது. இந்த இடத்தில் ஒரு பழைய காயமும் உண்டு: 2021 டிசம்பரில் நாட்டின் முதல்தரப் பள்ளி வீரராகக் கருதப்பட்ட டிராவிஸ் ஹன்டர், ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு வருவதாக நீண்ட நாள் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடும் நாளில் ஜாக்சன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். அங்கே கோச்சாக இருந்தவர் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் பழைய நட்சத்திரம் டியான் சாண்டர்ஸ் என்பது கூடுதல் வேடிக்கை. ஹன்டர் அப்புறம் சாண்டர்ஸோடு கொலராடோவுக்குப் போய், 2024ல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். அதே 2024ல்தான் இங்கே 2–10.

2024க்கும் நார்வெல் போர்ட்டலுக்குத்தான் போனார். உயங்கலலே ஓரிகன் ஸ்டேட்டிலிருந்து வந்தார், அதற்கு முன்னால் கிளெம்சனில் இருந்தவர். அலபாமாவிலிருந்து மட்டும் ராய்டெல் வில்லியம்ஸ், மாலிக் பென்சன், ஏர்ல் லிட்டில் ஜூனியர், ஷான் மர்ஃபி என்று பல பேர். ஜார்ஜியாவிலிருந்து மார்வின் ஜோன்ஸ் ஜூனியர். பெயரைப் பார்த்தால் பெரிய இடத்துப் பிள்ளைகள், தரவரிசை போட்டவர்களும் அதைப் பார்த்துத்தான் 10ஆவது இடம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் வெர்ஸும் ஃபிஸ்க்கும் சின்ன இடத்தில் முழுநேரம் ஆடித் தங்களை நிரூபித்துவிட்டு, பெரிய இடத்துக்கு ஏறி வந்தவர்கள். 2024ல் வந்தவர்களில் பலர் பெரிய இடத்தில் முதல் வரிசையில் நிலையான இடம் கிடைக்காமல் வந்தவர்கள். இரண்டும் போர்ட்டல்தான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

"போன வருஷம்" என்று ஒப்பிடும்போது எல்லோரும் செய்கிற இன்னொரு தவறு, 13–1ல் அந்த 1ஐத் தனியாக ஒதுக்கிவைத்துவிடுவது. 2023 நவம்பர் 18ல் நார்த் அலபாமா என்ற சின்ன டீமோடு ஆடும்போது டிராவிஸின் கால் முறிந்தது. அடுத்த ஆட்டத்தில் டேட் ரோட்மேக்கர் இறங்கி, ஃப்ளோரிடா பல்கலைக்கழக டீமை ஜெயித்தார், அவருக்கும் தலையில் அடி. ஏசிசி இறுதியாட்டத்தில் முதலாமாண்டு மாணவர் ப்ராக் க்ளென் ஆடி, 16–6 என்று லூயிவில்லை வென்றார்கள். பதின்மூன்றும் ஜெயித்து, கான்ஃபரன்ஸ் சாம்பியனாகி, அப்படியும் தேசிய சாம்பியனை முடிவுசெய்யும் நான்கு டீம் ப்ளேஆஃபில் இடம் இல்லை. மிஷிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா போயின. பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றைத் தோல்வியே இல்லாமல் வென்ற டீமை அந்தத் தேர்வுக் குழு வெளியே விட்டது அதுதான் முதல் தடவை. அநியாயம் என்று ஊரே கொதித்தது. அநியாயம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் டிராவிஸ் இல்லாத டீம் வேறு டீம் என்று குழு சொன்னதை அடுத்த வருஷம் ஃப்ளோரிடா ஸ்டேட்டே ஆடிக் காட்டியது என்பதும் உண்மை.

அதற்குப் பிறகு வந்தது ஆரஞ்ச் பௌல், வழக்கமான சீசன் முடிந்தபின் நடக்கும் பௌல் ஆட்டங்களில் ஒன்று. இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் காயம், டிராஃப்ட், டிரான்ஸ்ஃபர் என்று விலகிவிட, மிச்சமிருந்தவர்களை வைத்து ஜார்ஜியாவோடு ஆடி 3–63 என்று தோற்றார்கள். பௌல் ஆட்டங்களின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம். எல்லோரும் "அது நிஜ டீம் இல்லை, கணக்கில் சேர்க்காதீர்கள்" என்றார்கள். எனக்கென்னவோ 2024 சீசன் டப்ளினில் தொடங்கவில்லை, அங்கேதான் தொடங்கியது. அன்று விலகாமல் ஆடியவர்களில் பலர்தான் அடுத்த வருஷத்து டீம். தொடர்ச்சியாக 19 ஆட்டம் ஜெயித்த டீம், அன்றிலிருந்து தொடர்ச்சியாக நான்கு தோற்றது என்று எழுதினால் கோடு சரியாக வருகிறது.

எதிரணிகளின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை, இதை ரொம்ப இழுக்கத் தேவையில்லை. 2023ன் முதல் நான்கு எதிரணிகளில் எல்எஸ்யு 10–3, கிளெம்சன் 9–4. 2024ல் மெம்ஃபிஸ் 11–2 என்று முடித்தது, ஆக அந்தத் தோல்வி அப்போது பட்ட அளவுக்குக் கேவலம் இல்லை (நார்வெலின் பழைய டீம் என்பதால் கொஞ்சம் அதிகமாக வலித்திருக்கும், இந்த மாதிரி ஆட்டங்களுக்குப் பெரிய கல்லூரிகள் லட்சக்கணக்கில் டாலர் கொடுத்து எதிரணியை வரவழைப்பார்கள், காசும் கொடுத்துத் தோற்பது தனி ரகம்). ஜார்ஜியா டெக், பாஸ்டன் காலேஜ் இரண்டும் 7–6, கலிஃபோர்னியா 6–7. மொத்தத்தில் 2024 தொடக்கம் கடினமான அட்டவணை என்று சாக்குச் சொல்ல முடியாது. இரண்டு வருஷத்திலும் வந்த எதிரணிகள் ஐந்து: பாஸ்டன் காலேஜ், கிளெம்சன், டியூக், மயாமி, ஃப்ளோரிடா. 2023ல் ஐந்திலும் வெற்றி, மொத்த வித்தியாசம் கூட்டினால் 43 புள்ளி முன்னால். 2024ல் ஐந்திலும் தோல்வி, 80 புள்ளி பின்னால்.

அந்த 2024 செப்டம்பரில் ரசிகர்கள் ஒரு பழைய கணக்கை எடுத்து ஆறுதல் தேடினார்கள். 2021ல் இதே நார்வெல் 0–4 என்று தொடங்கினார், 1974க்குப் பிறகு அப்படியொரு தொடக்கம் இல்லை. ஜாக்சன்வில் ஸ்டேட்டிடம் கடைசி ஆட்டத்துளியில் 59 யார்டு டச்டவுன் வாங்கி 17–20 என்று தோற்ற அவமானமும் அதில் சேர்த்தி. அதிலிருந்து மீண்டு மீதி எட்டில் ஐந்து ஜெயித்தார், இரண்டு வருஷத்தில் 13–1 வந்தது. "அப்போது 0–4, இப்போது 1–3தானே" என்றார்கள். ஆனால் 2021ன் அந்த நான்கு தோல்வியில் டீம் எடுத்த புள்ளி 92. முதல் ஆட்டத்தில் நோட்ர டாமோடு கூடுதல் நேரம் வரை போய் 38–41. பந்தைக் கையில் கொடுத்தால் முன்னே போகத் தெரிந்த டீம் அது, டிராவிஸும் அதில் இருந்தார். 2024ல் ஒரு வெற்றியோடு சேர்த்தும் 60. தோல்விகளின் எண்ணிக்கை ஒன்று கூடுதலாக இருந்த தொடக்கம்தான் நல்ல தொடக்கமாக இருந்திருக்கிறது.

மீதி சீசனைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. க்ளென், அப்புறம் லூக் க்ரோமன்ஹோக் என்று குவாட்டர்பேக் மாறிக்கொண்டே இருந்தார்கள். நவம்பரில் நோட்ர டாம் 52–3 என்று புரட்டியெடுத்ததும் ஆஃபென்ஸ், டிஃபென்ஸ் இரண்டுக்குமான உதவி கோச்சுகளை, அலெக்ஸ் ஆட்கின்ஸையும் ஆடம் ஃபுல்லரையும், அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஒரு சின்ன டீமான சார்ல்ஸ்டன் சதர்னை மட்டும் 41–7 என்று ஜெயித்தார்கள். 12 ஆட்டத்தில் 185 புள்ளி, சராசரி 15.4, முதல் நான்கு ஆட்டத்தின் சராசரி 15 என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், செப்டம்பரில் பார்த்ததுதான் நவம்பர் கடைசி வரை. டீமில் வருஷம் முழுக்கக் குறையே சொல்ல முடியாத ஒரே ஆள் கிக்கர் ரயன் ஃபிட்ஸ்ஜெரால்ட், முயன்ற 13 ஃபீல்டு கோலும் உள்ளே. டச்டவுன் போட முடியாத டீமுக்கு நல்ல கிக்கர் கிடைப்பது என்ன மாதிரி வரம் என்று தெரியவில்லை.

நார்வெலை ஏன் அனுப்பவில்லை என்று கேட்பவர்களுக்கு: 2024 ஜனவரியில் அலபாமா கோச் நிக் சேபன் ஓய்வுபெற்று, அந்தக் கல்லூரி ஆள் தேடியபோது நார்வெல் பெயரும் அடிபட்டது, அவரைத் தக்கவைக்க ஃப்ளோரிடா ஸ்டேட் எட்டு வருஷ ஒப்பந்தம் போட்டது, வருஷத்துக்கு 1 கோடி டாலருக்கும் மேல். அனுப்பினால் கொடுக்கவேண்டிய தொகை எக்கச்சக்கம். 2–10க்குப் பிறகு அவர் தன் சம்பளத்திலிருந்து 45 லட்சம் டாலரை டீமுக்கே திருப்பிக் கொடுத்து, கஸ் மால்சானையும் டோனி ஒயிட்டையும் புது உதவி கோச்சுகளாகக் கொண்டுவந்தார். குவாட்டர்பேக்காகப் போர்ட்டலில் எடுத்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? இரண்டு வருஷம் தங்களைத் திணறடித்த அதே பாஸ்டன் காலேஜ் கஸ்டெயானோஸை.

2025ல் முதல் ஆட்டத்திலேயே அலபாமாவை 31–17 என்று ஜெயித்தார்கள். அதுவும் அலபாமாவை ஓட்டத்தாலேயே தள்ளி ஜெயித்தார்கள், முன்வரிசை மாறியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. அடுத்து ஈஸ்ட் டெக்சஸ் ஏ அண்ட் எம்மோடு 77–3, கென்ட் ஸ்டேட்டோடு 66–10. மூன்று ஆட்டத்தில் 174 புள்ளி. 2024ல் அதே மூன்று ஆட்டத்தில் 46. போன வருஷத்தோடு ஒப்பிட்டால் இதைவிடப் பெரிய முன்னேற்றம் காட்டவே முடியாது, எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் அந்த 174ல் 143, தாங்களே தேர்ந்தெடுத்துக் கூப்பிட்ட இரண்டு மெலிந்த எதிரணிகள்மேல் எடுத்தது. நான்காவது ஆட்டத்தில் வர்ஜீனியாவிடம் இரண்டு கூடுதல் நேரம் வரை போய் 38–46 என்று தோற்றார்கள், தொடர்ந்து மயாமி, பிட்ஸ்பர்க், ஸ்டான்ஃபோர்ட் மூன்றிடமும் தோல்வி. இந்த நான்கு தோல்வியில் மூன்று ஒரு டச்டவுனுக்குள் முடிந்தவை, மிச்சம் ஒன்றும் எட்டே புள்ளி. சீசன் முடிந்தது 5–7ல்.